கூட யாரு

ஜெரால்டோடு ஏற்காடு போகிறேன் என்று
திலகவதியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.
ஜெரால்டு திருப்பத்தூரில், மச்சான் கல்யாணத்தில்.
இந்நேரம் பந்தியில் உட்கார்ந்திருப்பான்.

ரிசார்ட்காரர்கள் அடித்து
இரண்டே சீசனில் கைவிட்ட இரும்புப் பாதை இது.
தெற்கே பார்த்த செங்குத்துப் பாறை,
அதில் நூற்றுப் பதினான்கு படிக்கம்பி,
கூடவே ஏறும் விரல் தடிமன் வடம்.
ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையும் கம்பெனியுடையவை.
திங்கட்கிழமை காலை
ஐந்து ரோடு ஆஸ்பத்திரியின் லிஃப்ட் குழிக்குள்
இதே பட்டையில்தான் தொங்குவேன்.

கொக்கி இரண்டு.
ஒன்றைக் கழற்றும்போது மற்றது வடத்தில் இருக்க வேண்டும்.
பதினோரு வருடமாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஏறுவதுகூடப் பரவாயில்லை,
அதைப் படம் பிடிப்பதுதான் பாடு.
பாறைப் பொந்தில் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறேன்.
சிவப்புப் புள்ளி துடிக்கிறதா?
துடிக்கிறது.
பத்துப் படி இறங்குகிறேன்,
அங்கே கேமரா இருப்பதே தெரியாதவன் மாதிரி
அதை உரசிக்கொண்டு ஏறி
படத்தைவிட்டு வெளியே போகிறேன்.
அப்புறம் அதை எடுக்க இறங்கி
எடுத்துக்கொண்டு மறுபடியும்.
இப்படியே, நூற்றுப் பதினான்கு படியை
நானூறாக ஏறினேன்.

ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பது தொழில் பழக்கம்.
கணீர்.
கணீர்.
கணீர்.
அறுபத்தொன்று: டொக்.

அப்படியே நின்றேன்.
கீழே கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ்
ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு திரும்பியது.
வெள்ளைக்கல் சுரங்கம், யாரோ மலையடியில்
சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு மறந்தது போல.
அதற்கப்பால் சேலம், வெயிலில் சிதறிய பொரி.
அங்கே ஒரு மாடியில் என் லுங்கி காய்கிறது.

அறுபதிலிருந்து அறுபத்திரண்டுக்குக் காலை நீட்டினேன்.
தொடை என் பேச்சைக் கேட்காமல் தனியாக ஆடியது.
ஆனாலும் ஏறிவிட்டேன்.
மேலே சில்வர் ஓக் நிழலில்
வாழைப்பழம் இரண்டைத் தின்றுவிட்டு
நல்ல நாள்தான் என்று நினைத்தேன்.

ராத்திரி லேப்டாப்பில் வெட்டி ஒட்டும்போது
முதலில் பார்த்தது நான் இல்லாத நேரங்களை.
நான் மேலே போன பிறகும்
கேமரா பாட்டுக்கு நாலைந்து நிமிடம் ஓடியிருக்கிறது.
ஒரு கொண்டைக்குருவி வந்து
படிக்கம்பியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.
மேகம் வந்து பாறையை மூடித் திறக்கிறது.
யாருக்காகவும் எதுவும் நிற்கவில்லை.
பிறகு மேலிருந்து என் செருப்பளவு பெரிய கை வந்து
எல்லாவற்றையும் அணைக்கிறது.

அந்தக் கைகளை வெட்டினேன்.
இறங்கி வரும் என்னையெல்லாம் வெட்டினேன்.
மிச்சமிருப்பவன் மேலே மட்டுமே போகிறான்,
அவனை யாரோ பின்னாலிருந்து எடுக்கிறார்கள்.

அப்போதுதான் அறுபத்தொன்று வந்தது.
கால் நீள்கிறது, தொடை ஆடுகிறது.
வலது கை ஒரு கொக்கியைக் கழற்றுகிறது.
அது மாட்டும் முன்பே
இடது கை அடுத்ததையும்.
நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன்.
முழுதாக இரண்டு நொடி
வடத்தில் என்னுடையது எதுவும் இல்லை.
இரண்டு கொக்கியும் இடுப்பில் தொங்கி
கொலுசு மாதிரி ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன.
சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது.

எனக்கு இது நினைவிலேயே இல்லை.
ஜெரால்டு கீழே நின்றிருந்தால்
கெட்ட வார்த்தையில் கத்தியிருப்பான்.

அதை வெட்டத்தான் நினைத்தேன்.
விரல் பட்டன்மேல் இருந்தது.

திலகவதி மல்கோவா நறுக்கிய தட்டோடு வந்து
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.
அந்த இரண்டு நொடியும் அவள் கண்முன்னே ஓடிப் போயிற்று.
ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள்.

"யாரு எடுத்தது, ஜெரால்டா?"

தலையாட்டினேன்.

"பரவாயில்லையே,
கையே நடுங்காம எடுத்திருக்கான்."