எக்சிபிட்டு: ஒரு மீன்

படத்தில் இருப்பது பேத்தை மீன்.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
ஊதிய வயிறு,
உப்புக்கல் ஒட்டிய உதடு,
தலையில் வெள்ளைத் தொப்பி.
கீழே ஒரு சொல் கிடையாது.

கீழக்கரையில் கல்லச்சில் இழுத்த தம்பிடிப் பத்திரிகை.
வாலிநோக்கத்து அளத்துக்கு நாற்பது பிரதி வந்ததாம்.
முப்பத்தொன்பதில் கருவாடு சுற்றிவிட்டார்கள்.
மிச்சம் ஒன்று
எண்ணெய்க் கறையோடு
ராமநாதபுரம் கோர்ட்டு மேசையில்.

நான் அங்கே துபாஷி.
இந்தப் பக்கம் விழுகிற தமிழை
அந்தப் பக்கம் இங்கிலீசாக்கி எறிய
மாசம் இருபத்திரண்டு ரூபாய்.

ராஜ நிந்தனை என்றார் சர்க்கார் வக்கீல்.
"மீன் ஒரு துரையைக் குறிக்கிறது."
"எந்தத் துரையை?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.
வக்கீல் வாயைத் திறந்தார்,
மூடினார்.
பெயரைச் சொன்னால்
பேத்தை என்று சொன்னது அவர் என்றாகிவிடும்.
சாட்சியைக் கூப்பிடுங்கள் என்றார்.

சந்தியாகு வந்தான். ஈரம் உலராத வேட்டி.
"இது யார்?"
"பேத்தைங்கய்யா."
"யாரைப் போல இருக்கிறது?"
"பேத்தையப் போல."
"தொப்பி?"
"வலையில என்னென்னமோ வருதுங்க.
போன தையில ஒரு நாற்காலி வந்துச்சு."

பாத்திமுத்து வந்தாள்,
மீன்கூடையை வெளியே வைக்க மறுத்து.
"இத யாரும் வாங்க மாட்டாக.
தொட்டா ஊதும், விட்டா சப்புன்னு போயிரும்.
தின்னவன் பிழைக்க மாட்டான்.
இதுக்குப் போயா கோர்ட்டு?"
நான் மொழிபெயர்த்தேன்:
இம்மீன் விற்பனைக்கு உகந்ததல்ல என்கிறாள் சாட்சி.

நல்லினா மரைக்காயர் கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
"செதில் போட்டிருக்கான். பேத்தைக்கு ஏது செதில்?
தண்டிக்கணும்னா அதுக்குத் தண்டிக்கலாம்."

முன்வரிசையில் சால்ட் இன்ஸ்பெக்டர் பெண்டல்டன் துரை.
போன கோடையில்
அளத்தோரம் சுரண்டிய ஒரு படி உப்புக்காக
ஒரு பிள்ளைத்தாச்சியை
உச்சிவெயிலில் நிறுத்திவைத்தவர்.
இந்த வழக்கை ஜெயிக்க வைக்க
அவர் ஒருவரால் முடியும்.
எழுந்து நின்று
அது நான்தான் என்றால் போதும்.
வக்கீல் அவரைப் பார்த்தார்.
மாஜிஸ்திரேட் பார்த்தார்.
பங்கா இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தான்.
துரைக்குக் கழுத்து சிவந்தது.
மூச்சை இழுத்தார். கன்னம் இரண்டும் உப்பின.

பின்வரிசையில் யாரோ தும்மினார்கள்.
தும்மல்தான்.
கோர்ட்டு நடவடிக்கைக் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது,
எழுதியவன் நான்.

துரை எழவில்லை.

வரைந்த அருளாந்து
சங்குக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிறவன்.
அச்சிட்டவர் பெயர் போடாத குற்றத்துக்கு இருபது ரூபாய்.
கட்ட வழியில்லாமல் மூன்று வாரம் உள்ளே போனான்.
உப்புவரி அப்படியே இருக்கிறது.
அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு அப்புறம் என்ன ஆயிற்று,
யாரும் கேட்கவில்லை. நானும்.

சாயங்காலம் எக்சிபிட்டை மடித்து
அரக்கு முத்திரை வைப்பது என் வேலை.
விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
பேத்தையின் அடிவயிற்றில்
இத்தனை நேரமும் எண்ணெய்க் கறை என்று நினைத்த இடத்தில்
இன்னொரு மீன்.
ஒட்டுமீன். ஒல்லி.
உச்சந்தலையால் ஒட்டிக்கொண்டு
பெரியது போகிற இடமெல்லாம் கூடப் போகிற சாதி.
அதற்கு ஒரு காது வரைந்திருந்தான்.
மீனுக்குக் காது!
காதில் ஒரு பேனா.

இது யாரைப் போல இருக்கிறது என்று
இன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அரக்கு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
கையெழுத்துப் போட வேண்டும்.
பேனாவைத் தேடி
மேசையெல்லாம் துழாவினேன்.