கேள்விக் கோடு

ஆறை ஒன்பதாக்கியது நான்தான்.
பெட்டியில் இருந்த ஒரே ஒன்பது
சோசேஜின் விலையில் மாட்டிக்கொண்டிருந்தது.
ஆகவே ஒரு ஆறைத் தலைகீழாய்ச் செருகினேன்.
ஸ்டூல் ஆடியது. பானிகோஸ் பிடித்துக்கொண்டார்.
கொட் மீன், ஏழு எண்பதிலிருந்து
ஒன்பது இருபது.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்.
யாருக்குச் சொன்னாரோ.
கடையில் வேறு ஆளில்லை, எண்ணெய்கூடக் கொதிக்கவில்லை.

கவென்ட்ரி, ஃபோல்ஸ்ஹில் சாலை,
வெள்ளி மாலை நாலரை.
பொருளியல் கோப்பின் விளிம்பில்
போன வாரத்து மாவு.

காலையில்தான் மிஸ்டர் ப்ரொசர்
பலகையில் ஒரு 'எல்' வரைந்து
அதற்குள் சறுக்குமரம் போல ஒரு கோடு கீறினார்.
விலை ஏறினால் மனிதர்கள் கோட்டின் மேல் நகர்வார்கள்,
கோடு நகராது.
இதைக் குழப்பினால் இரண்டு மதிப்பெண் போகும்.

டிமாண்டுக்குத் தமிழில் என்ன என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன்.
இரவு வேலைக்கு ஓடுகிற அவசரம்,
ஒரு கால் சப்பாத்துக்குள், மறுகால் வெளியே:
"கேள்வி" என்றாள்.
உயர்தரத்தில் பாடமாக்கினதாம்,
மிச்சமெல்லாம் மறந்துபோச்சாம்.

ஐந்தே காலுக்கு அவர் வந்தார்.
பெயர் தெரியாது. பேருந்து ஓட்டியவர்களின் பழைய ஜாக்கெட்,
வினிகர் கூட, உப்பு வேண்டாம்.
பலகையைப் பார்த்தார்.
எட்டுப் பவுண், நாணயமாக,
வீட்டிலேயே எண்ணிக் கைக்குள் மூடிக்கொண்டு வந்திருந்தார்.
கை திறக்கவில்லை.
"சிப்ஸ் மட்டும் தா பிள்ளை,
டாக்டர் மீனைக் குறைக்கச் சொல்லிட்டார்."

மீனைக் குறைக்கச் சொல்லும் டாக்டரை
நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஏன் ஏறியது, எப்போது இறங்கும்,
ஒன்றும் கேட்கவில்லை அவர்.
கேள்வி குறைந்தது.
நான் ஒரு கரண்டி கூட அள்ளிப் போட்டேன்.
பானிகோஸ் கரண்டியைப் பார்த்தார்,
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி, பட்டாணி வடை ஒன்று.
அதற்கடுத்த வெள்ளி மழை.
அதற்கடுத்த வெள்ளி மழையில்லை.

மார்ச்சில் மாதிரித் தேர்வு.
பதிலீட்டுப் பண்டம், வருமான விளைவு, நெகிழ்ச்சி,
எல்லாம் எழுதினேன், 'எனினும்' என்று மூன்று இடத்தில்.
ரூலர் வைத்துத்தான் கோடு போட்டேன்.
'பி' புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சில் தானாக ஒரு ஜாக்கெட் வரைந்துவிட்டது,
அழிக்க நேரமில்லை.

இருபத்தைந்துக்குப் பதினெட்டு.
ஜாக்கெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்:
'இது என்ன? அச்சுக்குப் பெயர் எங்கே?'

இன்று கொட் இறங்கியிருக்கிறது,
எட்டு அறுபது.
தலைகீழ் ஒன்பதை உருவி
நேராக்கி அடுத்த இடத்தில் செருகினேன்.
மற்றதெல்லாம் மாறாதிருந்தால்
அதே கோட்டில் அவர் இறங்கி வரவேண்டும்.
வந்தாலும்,
எண்ணி மூடிய கையில் அறுபது பென்ஸ் குறையும்.

மணி ஐந்து பத்து.
ஸ்டூலிலிருந்து இறங்கச் சொல்கிறார் பானிகோஸ்.
இங்கிருந்து
பேருந்து நிறுத்தம் வரை தெரிகிறது.