வலப்பக்கம் நீந்தும் மீன்

ஷாலவ்ஸ்க் மாவட்டம்
ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தது.
தலைநகரில் எவரோ
வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து,
முப்பதாயிரம் ஆண் தலைக்கு ஒரு மாவட்டமென்று
கோடிழுத்துக்கொண்டே வந்தார்.
மை எங்கள் சதுப்பில் வந்து தீர்ந்தது.
எல்லை அங்கேயே நின்றுவிட்டது.

பெண் தலைகளை எண்ணவில்லை.
ஆகவே அங்கே மெய்யாக எத்தனை பேர் இருந்தார்களென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாவட்டம் என்றால் நகரம் வேண்டும்.
இருந்தது நாற்பத்தொரு குடிசை,
மரத்தாலான ஒரு தேவாலயம்,
தார் காய்ச்சும் கொட்டகை.
ஆணை வந்த இரவில்
எவ்லாம்பி குச்கின் குடியானவனாகப் படுத்து
நகரவாசியாக எழுந்தான்.
மேய்ச்சல் தரையில் 'சந்தைச் சதுக்கம்' என்று பலகை நட்டார்கள்.
அவனுடைய பசு
பலகையில் முதுகைச் சொறிந்துகொண்டது.

நகரம் என்றால் சின்னம் வேண்டும்.
சின்னம் வரைந்தவர் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.
கோப்பில் 'ஆறு உண்டு' என்றிருந்தது.
ஆறென்றால் மீன்,
மீனென்றால் அவர் விருந்துத் தட்டில் கண்ட மீன்:
நீலத்தின் மேல் வெள்ளி ஸ்டர்ஜன்,
முதுகு நெடுக எலும்புக் கூர், தலைக்கு மேலே கிரீடம்.

எங்கள் ஆற்றில் இருப்பது விரல் நீளப் பொடிமீன்.
பனி உருகும் மாதத்தில்
இன்னும் கொஞ்சம் நீளமான பொடிமீன்.

முத்திரை பித்தளையில் வந்தது.
பித்தளையில் மீன் இடப்பக்கம் நீந்தும்,
காகிதத்தில் வலப்பக்கம்.
காப்பகத்தில் இருபத்தாறு வருடமாக
அந்த வலப்பக்க மீனோடுதான் என் பிழைப்பு.
சிவப்பு அரக்கில், ஊதா மையில்,
மை இல்லாத வருடங்களில் விளக்குக் கரியில்.
உப்பு வரிக்கு மீன். பாலம் இடிந்ததற்கு மீன்.
பாலம் கட்டப்படாததற்கும் மீன்.
படைக்கு இழுத்துப்போனவர்களின் பெயர்ப்பட்டியலடியில்
மிக அழுத்தமாக,
மறுபக்கம் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு.

அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் தெரென்தி மார்க்கெலவ்.
அவன் மனைவி அகுலீனா
வருடத்துக்கு ஒரு மனு போட்டாள்:
நான் மனைவியா, விதவையா, தெரிவிக்கவும்.
வருடத்துக்கு ஒரு பதில்: விசாரணையில் உள்ளது.
மீன்.
பதினொரு வருடம் இப்படி.

பன்னிரண்டாவது மனுவில் கணவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
'மாவட்டத்தின் ஆற்றில்
மாவட்டத்தின் முத்திரையில் உள்ள மீனைப் பிடிக்க
எனக்கு உரிமம் தரவும்.'

எழுத்தர் சிரித்தாரா, பயந்தாரா,
கோப்பில் குறிப்பில்லை.
கட்டணம் பதினைந்து கோபெக்.
வழங்கப்பட்டது. மீன்.

பிறகு தீ; பாதி கோப்புகள் போயின.
பிறகு ரயில், அறுபது வெர்ஸ்ட் தள்டி
எங்களைத் தொடாமல் போயிற்று.
பிறகு ஜார் இல்லை என்று தந்தி வந்தது,
ஒன்பது நாள் தாமதமாக. அந்த ஒன்பது நாளும்
இல்லாத ஒருவர் பெயரில் இரண்டு திருமணம் பதிந்தார்கள்,
ஒருவனைக் குதிரைத் திருட்டுக்குச் சிறையிட்டார்கள்.
புதியவர்களிடம் பித்தளை இல்லை.
அரத்தை எடுத்துக் கிரீடத்தை மட்டும் தேய்த்தார்கள்.
மொட்டைத் தலை மீன்
இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தது.

மாவட்டம் கலைக்கப்பட்ட கிழமை தெரியவில்லை.
ஒப்படைப்புப் பட்டியல் இருக்கிறது:
மைக்கூடு இரண்டு, நொண்டிக் குதிரை ஒன்று,
இரும்பு அடுப்பு, முத்திரை (தேய்ந்தது).
கொடுத்தவர் கையெழுத்து உண்டு.
பெற்றவர் இடம் காலி.

போன மாதம் ரதியோன் என்றொருவர் வந்தார்.
சதுப்பில் கரி வெட்டுகிறாராம், எல்லைத் தகராறாம்.
மை தீர்ந்த இடத்தைக் காட்டினேன்.
நகல் எடுத்துக்கொண்டார்.
அகுலீனாவின் உரிமத்தையும் நகலெடுத்து நீட்டினேன்.
எதற்கு என்றார்.
காலாவதித் தேதி போடவில்லை பாருங்கள் என்றேன்.
கேட்டுக்கொண்டே பொத்தான் மாட்டிக் கிளம்பிவிட்டார்.
தாள் என் மேசையிலேயே கிடக்கிறது,
தேநீர்க் கோப்பை வைத்த வட்டத்துக்குள்
மீனின் வால்.