மரத்துக்குக் கட்டம் இல்லை

அடாமாவில் மார்ச்.
பத்து மணிக்கே தகரக் கூரை முறிமுறியென்று
பேச ஆரம்பித்துவிடுகிறது.
அதன் கீழே புர்ரே
நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறாள்.

தாய் போரான் இனம், அந்தத் திமில் கொஞ்சம் மிச்சம்.
தகப்பன்
வைக்கோல் பருமனில் ஒரு குழலுக்குள்
உறைந்து வந்தவன்.
எந்தப் பனிநாட்டுக்காரன் என்று அஸ்காலேவுக்குத் தெரியாது.
ரசீதில் ஒரு எண் இருக்கிறது.

"பாதி உடம்பு வெயிலைத் தின்னும்.
மீதியை வெயில் தின்னும்"
என்கிறாள், மடியைக் கழுவியபடி.

பதினைந்து நாளுக்கொரு முறை நான் வருவேன்.
தராசு, வெப்பமானி,
பதினேழு கட்டமுள்ள படிவம்.
காலை ஆறு லிட்டர் நானூறு.
நேற்று மாலை மூன்று நூறு.
நிழலில் முப்பத்துமூன்று டிகிரி.
எந்த நிழல் என்று படிவம் கேட்பதில்லை.

பிப்ரவரி வரை இங்கே ஒரு வேலமரம் நின்றது.
மின்கம்பிக்கு இடைஞ்சலாம்.
மூன்று பேர் வந்தார்கள், அரைமணி நேரம்,
விறகையும் அவர்களே ஏற்றிக்கொண்டு போனார்கள்.
அடுத்த முறை நிறுத்தபோது
ஒன்றரை லிட்டர் குறைவு.
அத்தனை நாளும்
மரமும் சேர்ந்து கறந்திருக்கிறது.

தீவனத்துக்குக் கட்டம் உண்டு:
தெஃப் வைக்கோல், நூக் புண்ணாக்கு,
பக்கத்து வீட்டில் தெல்லா வடித்த கசடு ஒரு வாளி.
தண்ணீருக்கு உண்டு. ஈற்றுக்கு உண்டு.
மரத்துக்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பொடி எழுத்தில்.

இது பெரிய நோன்பு வேறு.
ஐம்பத்தைந்து நாள்
பாலில்லை, வெண்ணெயில்லை, முட்டையில்லை.
பாதி ஊர் கருப்பாகத் தேநீர் குடிக்கிறது.
சங்கத்தில் காலைப் பால் மட்டும்தான் எடுக்கிறார்கள்,
அதுவும் முகத்தைச் சுளித்து.
பசுவுக்கு யார் போய் நோன்பு சொல்வது?
கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும்.

"குறைந்தால் குறையட்டுமே, இப்போது யார் வாங்கப்போகிறார்கள்"
என்றேன்.
அஸ்காலே பதில் சொல்லவில்லை.
கழுதை வண்டிக்காரனிடம்
மூன்று கேன் தண்ணீர் இறக்கினாள், சொன்ன விலைக்கே.
சாக்குகளை நனைத்துத்
தகரத்தின் மேல் விரித்தாள்.
மேற்கு ஓரத்தில் இரண்டைத் தொங்கவிட்டாள்.
மீதித் தண்ணீரைப் புர்ரே
நிமிராமல் குடித்தாள்.

விலா ஏறி இறங்குவதை எண்ணினேன்.
நிமிடத்துக்கு எண்பத்தெட்டு.
ஒரு மணி கழித்து அறுபத்தொன்று.

"அவளுக்கு மூச்சு வாங்குகிறது, பார்க்கவில்லையா"
என்றாள் அப்போதுதான்,
ஏதோ நான் இப்போதுதான் கேட்டது போல.

மாலை: மூன்று நானூறு.
அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
முந்நூறு மில்லிதானே, அளவுப் பிழையாக இருக்கும்
என்றார் மேற்பார்வையாளர்.
இருக்கலாம்.

வாங்க ஆளில்லாத அந்தப் பால்
சுரைக்குடுக்கைக்குள் போயிற்று,
ஈஸ்டர் வெண்ணெய்க்கு.
தராசுத் தட்டைத் துடைத்தேன்.
விரலில் ஒட்டிய துளியை
வாய்வரை கொண்டுபோய்,
நினைவு வந்து,
சால்வையில் தேய்த்துக்கொண்டேன்.