ஆறு மில்லிமீட்டர்

மஞ்சக்குட்டை குடிநீர் மோட்டாருக்கு ஒரு பெட்டி.
தாளில் நான் போட்ட முதல் கோடு கூரை.
பின்பக்கம் பத்து டிகிரி சரிவு,
முன்பக்கம் கதவைத் தாண்டி நாலு விரற்கடை நீட்டம்.
தட்டையான தலையில் நீர் தங்கும்.
தங்கிய நீர் தையலைத் தேடும்.
அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
மழை வெளியிலிருந்து வரும்.

சூரமங்கலம் பட்டறையில்
அங்கமுத்து மூலைக்கு மூலை முழு வெல்டிங் வைத்தார்.
கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. அதன் ஒட்டு
மேலே வராமல் கீழே வரும்படி நானே ஒட்டினேன்.
சோதனைக்கு
அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து உள்ளே போட்டுப்
பூட்டினோம். பத்து நிமிடம் ஓஸ் பைப்,
மேலிருந்து, பக்கவாட்டில், சாவித் துவாரத்தில்,
கீல்களில், கொஞ்சம் கோபத்தோடும்.
திறந்தால்
ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது.
ஓர் எழுத்தும் ஊறவில்லை.
முதலாளி டீக்குக் காசு கொடுத்தார், வடைக்கும்.

நாற்பத்தோராம் நாள் போன்.
"அம்மா, நான் சடையன், தொட்டி ஆபரேட்டர்.
வெளியில நல்ல வெயில்.
உங்க பெட்டிக்குள்ள மழை பெய்யுது."

இருபது கொண்டை ஊசியும் ஏறி
இன்னொரு பஸ் மாறிப் போனேன்.
சில்வர் ஓக் மரத்தடியில்
என் பெட்டி ஒரு கீறலில்லாமல் நின்றது.
சடையன் கதவைத் திறந்தார்.
கூரையின் உட்புறம் முழுக்க வேர்வை.
செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது.
அடியில் இரண்டு விரல் தண்ணீர்,
போக வழியில்லாமல்.
எடுக்க மறந்த என் திங்கட்கிழமை
அதில் கூழாகிக் கிடந்தது.

ரப்பர் பட்டையை நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன்.
குறையில்லை.
அதுதான் குறை.

பகலில் தகடு சுடும். உள்ளே காற்று விரிந்து
எப்படியோ கசிந்து வெளியேறும்.
மூன்று மணிக்கு மேல் மூடுபனி ஏறி வந்து
பெட்டியைக் கட்டிக்கொள்ளும்.
குளிர்ந்த பெட்டி மூச்சை உள்ளிழுக்கும்,
இழுத்ததில் பாதி பனி.
வந்த ஈரம் மறுநாள் போவதில்லை.
சேலத்து வெயிலில் உட்கார்ந்து வரைந்தவளுக்கு
இது தோன்றவே இல்லை. எங்கள் ஊரில்
இரும்பு வேர்ப்பதில்லை, நாங்கள்தான் வேர்ப்போம்.

"கதவைத் தொறந்து காய வெச்சேன்" என்றார் சடையன்.
"பல்லி வந்துச்சு.
ரெண்டு முனைக்கு நடுவுல படுத்துச்சு.
ஊருக்கே மூணு நாள் தண்ணி இல்ல."
பல்லிக்காகவும் உச்சுக் கொட்டினார்.

இறங்கி வந்து புதிய தாளில்
அடித்தகட்டின் தாழ்ந்த மூலையில்
ஆறு மில்லிமீட்டர் என்று எழுதினேன்.
முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தண்ணி புகாத பெட்டின்னு பில் போட்டுட்டு
நாமளே ஓட்டை போடறதா?"
ஆமாம் என்றேன்.
அதற்கு மேல் எனக்கு வாக்கியம் வரவில்லை.

துளைக்குப் பித்தளை வலை, எறும்புக்காக.
கேபிள் உள்ளே நுழையுமுன்
ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி வளைத்தேன்.
அதன்மேல் ஓடி வரும் துளி
அந்தத் தொப்பையில் நின்று விழுந்துவிடும்.
பூட்டுக்கு முக்கோணச் சாவி.
திருகும் கைப்பிடி என்றால்
குரங்கு ஒரே நாளில் படித்துவிடுமாம்.

அங்கமுத்து துளையிடும்போது
வெளியே போய் நின்றுகொண்டேன்.
எட்டு வருடமாக
ஓட்டைகளை அடைத்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

ஐப்பசியில் மறுபடி மலைக்குப் போனேன்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
தொட்டி நிறைந்து வழிந்தது, அது சடையன் பாடு.
ஈர மண்ணில் மண்டியிட்டுப்
பெட்டிக்கு அடியில் தலையை நீட்டினேன்.
வலைக்கண்ணில் ஒரு துளி,
கனத்து, நீண்டு, தொங்கியபடி.

கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது.
"வாங்கம்மா" என்கிறார் சடையன்.
இருங்கள்.
இன்னும் விழவில்லை.