ஒட்டு அட்டைக் கணக்கு

கத்திரி வெயில் முடிந்து பள்ளி திறந்த அன்று
ஆய்வக அலமாரியைத் திறந்ததும் வந்த வாசனை
சுண்ணக்கட்டியினுடையது அல்ல.
கோடை முழுக்க உள்ளே குடியிருந்தவர்களுடையது.
கரப்பான் என்றால் ஒன்று ஓடும், நாம் கத்துவோம்.
இது கத்திக் கட்டுப்படியாகிற எண்ணிக்கை இல்லை.

தேசிங்கு வந்தார், முதுகில் மஞ்சள் டப்பா.
"ஒரே அடி டீச்சர். ஞாயித்துக்கெழமை அடிச்சா
திங்கக்கெழமை பெருக்கித் தள்ளிக்கலாம்."
போன வருஷமும் பெருக்கித் தள்ளினோம்.
அந்தத் திங்கட்கிழமைதான் ஆறாம் வகுப்பில்
வஹீதாவுக்கு மூச்சு இழுத்தது.
கௌண்டன்யா பாலத்தின் மேல், ஆட்டோவில்,
அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனேன்.
மூன்றாம் வாரம் கரப்பான்கள் திரும்பி வந்தன.
வஹீதா வந்தது நான்காம் வாரம்.

வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை.
டப்பாவை இறக்கிவைத்து, கொஞ்ச நேரம் இருமி,
"அப்ப இன்னாதான் பண்ணப் போறீங்க?"
தெரியாது என்று ஆசிரியர்கள் சொல்வதில்லை.
"எண்ணப் போறோம்."

எண்ணினோம்.
ஒட்டு அட்டை பன்னிரண்டு, மூலைக்கு ஒன்று,
வெள்ளிக்கிழமைதோறும் நோட்டில் ஏற்றம்.
முதல் வாரம் நூற்று நாற்பத்தேழு.
அதில் நூற்றுப் பத்து
சத்துணவுக் கூடத்தின் வடக்கு மூலையில்.
அங்கே என்ன?
முட்டை அட்டைகள். ஆளுயர அடுக்கு.
"எடைக்குப் போட வெச்சிருந்தேன்" என்றார் பவுனம்மாள்
யார் முகத்தையும் பார்க்காமல்.
எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவில்லை.
அவர் சம்பளம் எனக்குத் தெரியும்.
சாயங்காலமே வண்டி வந்தது, காசு அவரிடமே போனது.
இனி வாராவாரம் வண்டி.

கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து:
சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து ஆணி அடித்தோம்.
குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையில்
பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், மேலே சிமெண்ட்.
பூசியது தேசிங்கு. மருந்தடிக்கும் கூலியையே கொடுத்தோம்.
மறுநாள் எலி வந்து முகர்ந்து பார்த்துப் போனதற்கு
மாவு தூவிய தரையில் சாட்சி இருந்தது.
சொட்டும் குழாய்க்கு ஒரு வாஷர், மூன்று ரூபாய்.
மூன்று ரூபாய்!
ஆறு வறண்ட கோடையிலும் இவர்களுக்கு
நாங்கள்தான் தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்கிறோம்.

கிரிதரனின் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை.
ஒரு பை நிறையக் காலிப் பெட்டி அனுப்பினார்.
போரிக் பவுடர், சர்க்கரை, கொஞ்சம் கோதுமை மாவு.
பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின்
கையுறை மாட்டி நான்தான் பிசைந்தேன்.
மேலே மயில் படம், உள்ளே உருண்டை,
அலமாரிக்குப் பின்னால், எந்தக் கையும் எட்டாத இடம்.
வைத்தது இருபது, எடுத்தது இருபது.
அதற்கும் நோட்டில் பக்கம் உண்டு.

ஐந்தாம் வாரம் அட்டையில் ஒரு பல்லிக்குஞ்சு.
"பல்லி விழுந்தா பலன் சொல்வாங்க,
பல்லி ஒட்டிக்கினா இன்னா மிஸ் பலன்?"
வஹீதா சிரிக்கவில்லை.
பவுனம்மாளிடம் ஒரு சொட்டு எண்ணெய் வாங்கி
பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு காலாக விடுவித்தாள்.
வால் அட்டையிலேயே தங்கிவிட்டது.
மிச்சம் சுவரேறிப் போய்
டியூப்லைட்டுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தது.
அதன்பிறகு அட்டையை டப்பாவுக்குள் வைக்கிறோம்,
கரப்பான் அளவுக்கு மட்டும் வாசல் வெட்டி.

போன வெள்ளி, ஆறு.
பூஜ்யம் வரவில்லை. குடியாத்தத்தில் வராது என்கிறார் தேசிங்கு.
ஆபீஸ் படிவத்தில் ஒரு கட்டம்:
மருந்து அடித்த தேதி.
காலியாக விட்டு அனுப்பினால் திரும்பி வருகிறது.
இரண்டு முறை வந்துவிட்டது.
இம்முறை சிவப்பு மையில் எழுதினேன்:
"அடிக்கவில்லை. எண்ணுகிறோம்.
இணைப்பு: நோட்டு நகல், பதினோரு பக்கம்."
கடைசிப் பக்கத்தில், வஹீதாவின் சாய்ந்த கையெழுத்தில்:
மொத்தம் ஆறு.
ஒன்று செத்தது மாதிரி நடிக்கிறது.