மறக்கடித்த பதினோராம் நாள்

உலர்பனிப் பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்
"சீல் வந்திருக்கா சார்?" என்றேன்.
தவமணி இழுப்பறையைத் திறந்தார்.
"எந்த சீல்? ரவுண்டா, சதுரமா?"

ரவுண்டுதான்.
தாய் விட்டுப்போன நாளில்
உடம்பில் பாதி கொழுப்பாக,
எங்கோ ஒரு பனிமூட்டக் கரையில்
உருட்டிவிட்ட பாறைபோலக் கிடந்த குட்டி.
அதன் இரத்தம் முப்பத்தாறு குப்பிகளில்
நாகமலை அடிவாரத்துக்கு வந்திருக்கிறது,
கத்திரி வெயிலில்,
விடுதிக்கு லாரித் தண்ணீர் வராத மூன்றாம் நாள்.

குட்டி தின்பதில்லை, குடிப்பதில்லை.
பத்தடியில் கடல். நீந்தத் தெரியாது இன்னும்.
கொழுப்பை எரித்துத்
தனக்கான தண்ணீரைத் தானே இறைத்துக்கொள்கிறது.
ஒரு கிராமுக்கு ஒரு கிராமும் சொச்சமும்.
சொச்சம், காற்று போட்ட பங்கு.

தசையை அநேகமாகத் தொடுவதில்லை.
தொட்டால் யூரியா,
யூரியாவைக் கழுவ மூத்திரம்,
மூத்திரத்துக்குத் தண்ணீர்.
கீழமாசி வீதிக் கடைக்காரர்களைப் போல
முதலில் கை வைக்காமல் பிழைக்கத் தெரிந்திருக்கிறது.
தூக்கத்தில் மூச்சையும் பிடித்துக்கொள்கிறது.
விடும் மூச்சின் ஈரத்தை
மூக்கு மடிப்புகளில் வடித்தெடுக்கிறது.
குறிப்பேட்டில் 'கஞ்சத்தனம்' என்று எழுதி
அடித்துவிட்டேன்.

வாரம் ஏற ஏற யூரியா இறங்குகிறது.
இயந்திரக் கோளாறோ என்று
மறுபடி ஓட்டினேன். அதே எண்.

மகிழனுக்கு ஒன்றேகால் வயது.
வேப்பங்கொழுந்து அரைத்துத் தடவிப் பார்த்தேன்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு
கசப்போடு சேர்த்துக் குடித்தான்.
அப்புறம்தான் செக்கானூரணியில்
நாத்தனார் வீட்டில் விட்டுவந்தது.
"நல்லா இருக்கான். ரெண்டு இட்லி சாப்பிடுறான்.
உன்னைக் கேக்கவே இல்ல."
நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

இருபத்தேழாம் நாள் வாக்கில்
தாய் கடலுக்குள் இறங்கிப் போகிறது.
எடை, கொழுப்பு, பாலின் அடர்த்தி
எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள்.
திரும்பிப் பார்த்ததா என்று
நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை.

பதினெட்டாம் குப்பியை உறிஞ்சும்போது
கீழே வராண்டாவில் யார் குழந்தையோ அழுதது.
வெள்ளைக் கோட்டுக்குள் சட்டை நனைந்தது.
கழிவறைக்கு ஓடிப்
பீங்கானில் பிழிந்துவிட்டு
குழாயைத் திறந்தேன்.
காற்று வந்தது, கொஞ்சம் துருவும்.

கழுவ முடியாத அந்த வெள்ளையைப்
பார்த்துக்கொண்டு நின்றபோது
ஜன்னலுக்கு வெளியே தவமணியின் குரல்:
"லாரி வந்துருச்சும்மா!
குடம் கிடம் இருந்தா எடுத்துட்டு ஓடியாங்க!"

குப்பியைப் பனிக்குள் திருப்பி வைத்துவிட்டு
வாளியைத் தேடினேன்.